உறங்கும் திருத்தமும் உறங்காத சிறையும்

(திருவொற்றியூரில் நடைபெற்ற தமிழ் உணர்வாளர் திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



இராயபுரத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கே நடந்தால், துறைமுகத்தின் மதில் முடியும் இடத்தருகில் சிவந்த கோபுரங்களோடு உயர் நயன்மன்றம் நிற்கிறது. 1892-இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. 1914-இல் செருமானியப் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டுகள் அதன் பக்கத்திலும் விழுந்தன. அங்கிருந்து சிறிது தொலைவில், நடுவண் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து, வெள்ளையன் கட்டிய நடுவண் சிறை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 2006-இல் அந்தச் சிறை புழலுக்குப் போயிற்று. பழைய கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். சிறை இடம் மாறியது. சிறைக்குள் போகிறவர்கள் மாறவில்லை. காசிமேட்டிலும், கொருக்குப்பேட்டையிலும், தண்டையார்ப்பேட்டையிலும், எண்ணூர்க் குப்பங்களிலும் பிறந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளே இன்றும் அந்தக் கதவுகளுக்குள் நுழைகிறார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் எந்தக் குற்றத்திற்காகவும் உசாவப்பட்டுத் தண்டனை பெற்றவர் அல்லர். இனிக் குற்றம் செய்துவிடுவார்கள் என்று ஓர் அலுவலர் எண்ணியதால் உள்ளே இருப்பவர்கள்.

இதைத் தடுப்புக் காவல் என்பார்கள். அரசமைப்புச் சட்டத்தின் திருத்தங்களைப் பற்றிப் பேசவேண்டிய இந்தக் கூட்டத்தில் தடுப்புக் காவலைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். திருத்தம் என்பது தில்லியில் படித்தவர்கள் பேசிக்கொள்ளும் செய்தி என்று வடசென்னைத் தொழிலாளி நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படி நினைக்கவைத்ததே ஆட்சியாளரின் முதல் வெற்றி. ஒரு திருத்தத்தின் ஒரே ஒரு பிரிவு, நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் புழல் சிறையில் அடைபட்டிருக்கும் மகனைப் பார்க்கக் காத்திருக்கும் தாய்க்கு ஏதேனும் ஒரு பிடி கிடைத்திருக்கும். அந்தப் பிரிவைப் பற்றியதே இவ்வுரை. அதற்கு முன் பழைய செய்திகள் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

உசாவாமல் அடைத்துவைக்கும் பழக்கம் வெள்ளையன் விட்டுப்போன சொத்து. சென்னை மாநிலத்துக்கென்றே 1819-இல் இரண்டாம் ஒழுங்குமுறை என்று ஒன்றை அவன் எழுதிவைத்தான். அரசுக்கு வேண்டாதவரைக் குற்றச்சாட்டே இல்லாமல் அடைத்துவைக்க அது போதும். முதல் உலகப் போரின்போது, 1917-இல், அன்னி பெசண்டு அம்மையாரையும் அவரோடு வாடியாவையும் உதகையில் காவலில் வைத்தார்கள். அந்த வாடியாதான் அடுத்த ஆண்டில், 1918 ஏப்பிரலில், பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். தொடக்கத்தில் உழைத்த செல்வபதியாரையும் இராமானுசுலுவையும், சங்கத்தைத் தோளில் சுமந்த திரு.வி.க.வையும் வடசென்னை மறக்கவில்லை.

அந்தச் சங்கத்தின் மேல் ஆலை முதலாளிகள் உயர் நயன்மன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். தொழிலாளரை வேலைக்குப் போகவேண்டாம் என்று சொன்னது ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டியதாகும் என்றார்கள். நயன்மன்றம் வாடியாவுக்குத் தடையாணை போட்டது. கூலி உயர்வு கேட்கக் கூடியதே குற்றமாயிற்று. பிறகு 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்து, அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து சங்கங்களுக்குக் காப்பு அளித்தது. 1921 வேலைநிறுத்தத்தின்போது திரு.வி.க.வை நாடு கடத்தப்போவதாக ஆளுநர் வெலிங்டன் மிரட்டியதும் உண்டு. உரிமை என்பது சட்டப் புத்தகத்திலிருந்து இந்தப் பகுதிக்கு இறங்கி வந்ததன்று. இந்தப் பகுதியின் தெருக்களிலிருந்து சட்டப் புத்தகத்துக்கு ஏறிப் போனது.

வெள்ளையன் போனான். 1950 சனவரி 26-இல் குடியரசு பிறந்தது. உயிருக்கும் தன்னுரிமைக்கும் காப்பு 21-ஆம் உறுப்பு என்றார்கள். ஆனால் அடுத்த உறுப்பிலேயே, அதாவது 22-இல், தடுப்புக் காவலையும் எழுதிவைத்தார்கள். அடிப்படை உரிமைகள் என்னும் தலைப்பின் கீழேயே உசாவாமல் அடைத்துவைக்கும் அதிகாரத்திற்கும் இடம் கொடுத்தார்கள். குடியரசுக்கு ஒரு திங்கள் ஆகும்போதே, பிப்பிரவரியிலேயே, தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறிவிட்டது.

அச்சட்டத்தை எதிர்த்து முதலில் உச்ச நயன்மன்றம் போனவர் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன். மலபார் அன்று சென்னை மாநிலத்தில் இருந்தது. அவரை அடைத்துவைத்ததும் சென்னை அரசே. வழக்கின் பெயரே கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்பதுதான். 1950 மே 19-இல் தீர்ப்பு வந்தது. அடைக்கப்பட்டவன் தான் அடைக்கப்பட்ட கரணியத்தை நயன்மன்றத்தில் சொல்வதே குற்றம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை மட்டும் நடுவர்கள் வெட்டினார்கள். மற்றவற்றை நிலைநிறுத்தினார்கள். நாடாளுமன்றம் முறைப்படி ஒரு சட்டம் இயற்றிவிட்டால் போதும், அந்தச் சட்டம் அறத்துக்கு ஒத்ததா என்று பார்ப்பது தங்கள் வேலை அன்று என்பது பெரும்பான்மை நடுவர்களின் முடிவு. நடுவர் பசல் அலி ஒருவர் அதற்கு உடன்படவில்லை. அவர் அன்று சொன்ன கருத்தின் பக்கம் உச்ச நயன்மன்றம் திரும்புவதற்கு 1978 மேனகா காந்தி வழக்குவரை 28 ஆண்டுகள் ஆயின.

அதே 1950 மே திங்களில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. இரமேசு தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று சென்னை அரசு தடை போட்டிருந்தது. அத்தடை செல்லாது என்றது உச்ச நயன்மன்றம். அடுத்த ஆண்டு 1951 ஏப்பிரலில் செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றும் அது தீர்ப்பளித்தது. இவை இரண்டுமே சென்னை மாநிலத்து வழக்குகள். இவற்றுக்கு விடையாக 1951 சூனில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. சமூக நிலையில் பின்தங்கியோர்க்கு இட ஒதுக்கீடு தரலாம் என்று அத்திருத்தம் சேர்த்த பகுதியைத் தமிழகம் வரவேற்றது. பெரியாரின் கிளர்ச்சியால் வந்த பயன் அது. ஆனால் அதே திருத்தத்தின் இன்னொரு கை பேச்சுரிமையின் கழுத்தைப் பிடித்ததைப் பலர் பார்க்கவில்லை. பொது ஒழுங்கு என்னும் சொல்லை 19-ஆம் உறுப்பில் நுழைத்தார்கள். அதோடு விட்டார்களா? அந்த உட்பிரிவு தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்ததாகக் கொள்ளவேண்டும் என்றும் எழுதினார்கள். பறிப்பது முன் தேதியிட்டு நடந்தது. தோழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

1963 அக்தோபரில் பதினாறாம் திருத்தம் வந்தது. அது யாரைக் குறிவைத்தது என்பதை இந்தக் கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. நாட்டின் இறைமை, ஒருமைப்பாடு என்னும் சொற்களைப் பேச்சுரிமைக்கும் கூடும் உரிமைக்கும் கட்டாகப் போட்டார்கள். தேர்தலில் நிற்பவன் அச்சொற்களின்மேல் உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு சனவரியில் மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார். ஒரு கோரிக்கை தவறென்றால் மக்களிடம் சொல்லி முறியடிப்பது குடியாட்சி. அதைச் சொல்லும் வாயையே கட்டுவது வேறு. தமிழகத்தில் எழுந்த ஒரு குரலை அடக்க நாடு முழுவதும் உள்ள குடிமக்களின் உரிமையைக் குறைத்தார்கள் என்பதை வடபுலத்தாரும் உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது.

1975 சூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆகத்து முதல் நாளில் 38-ஆம் திருத்தம்: நெருக்கடி நிலை அறிவிப்பை எந்த நயன்மன்றமும் உசாவக்கூடாது. பத்து நாளுக்குள் 39-ஆம் திருத்தம்: தலைமையமைச்சரின் தேர்தலை எந்த நயன்மன்றமும் உசாவக்கூடாது. இந்தத் திருத்தம் நடந்த விரைவைப் பாருங்கள். ஆகத்து 7-இல் மக்களவையில் வைத்தார்கள், அன்றே நிறைவேற்றினார்கள். 8-இல் மாநிலங்களவை. 9-ஆம் நாள் காரிக்கிழமை; அன்று மாநிலச் சட்டமன்றங்களைக் கூட்டி ஒப்புதல் வாங்கினார்கள். 10-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் கையொப்பம். 11-ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையாரின் தேர்தல் வழக்கு உச்ச நயன்மன்றத்தில் உசாவலுக்கு வரவேண்டியிருந்தது. ஒருவருடைய பதவியைக் காக்க நான்கே நாளில் ஒரு நாட்டின் அரசமைப்பைத் திருத்த முடிந்தது.

தமிழ்நாடு ஏழு திங்கள் அந்த இருளுக்கு வெளியே இருந்தது. 1976 சனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் நடுவண் சிறை நிரம்பிற்று. உள்நாட்டுக் காப்புச் சட்டமாகிய மிசாவில் பிடித்தவர்களுக்கு ஏன் பிடித்தோம் என்று சொல்லவேண்டிய கடமையும் இல்லை. சிறைக்குள் அவர்களை அடித்தார்கள். சென்னையின் மேயராக இருந்தவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அந்த அடிகளுக்குப் பின் உடல்நலம் கெட்டு 1977 சனவரியில் இறந்தார். ஆட்சி மாறிய பின் அமைந்த நடுவர் மு.மு. இசுமாயில் ஆணையம் சிறைக்குள் நடந்த அடிதடிகளை உசாவி உண்மை என்று பதிவு செய்தது. இவையெல்லாம் இராயபுரத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் நடந்தவை.

அப்போது நயன்மன்றம் என்ன செய்தது? ஒன்பது உயர் நயன்மன்றங்கள் தடுப்புக் காவலில் உள்ளவனும் ஆட்கொணர்வு முறையீடு செய்யலாம் என்று தீர்ப்பளித்திருந்தன. அவற்றின் மேல்முறையீடு, சபல்பூர் வழக்கு என்ற பெயரில் உச்ச நயன்மன்றம் வந்தது. காவலர் ஒருவர் தனிப்பகையால் ஒருவனைக் கொன்றுவிட்டாலும் நயன்மன்றம் எதுவும் செய்ய முடியாதா என்று நடுவர் கன்னா கேட்டார். முடியாது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் விடை சொன்னார். 1976 ஏப்பிரல் 28-இல் நான்கு நடுவர்கள் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கன்னா ஒருவரே மறுத்தார். அடுத்த சனவரியில் தலைமை நடுவர் பதவி அவருக்கு வரவேண்டியது. அவருக்குக் கீழிருந்தவரை அமர்த்தினார்கள். கன்னா பதவியை விட்டு விலகினார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நயன்மன்றம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அதை நீக்கியது 2017 ஆகத்தில்தான்.

நெருக்கடி நிலையின் இறுதியில் வந்த 42-ஆம் திருத்தத்தைப் பற்றி ஒரு செய்தி மட்டும் போதும். நாட்டுக்கு எதிரான செயல், நாட்டுக்கு எதிரான அமைப்பு என்று நாடாளுமன்றம் வரையறுத்துத் தடைசெய்வதற்கு 31-ஈ என்றொரு புதிய உறுப்பை அதில் சேர்த்தார்கள். அப்படி இயற்றும் சட்டம் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்றும் எழுதினார்கள். ஆட்சி மாறியதால் 43-ஆம் திருத்தம் அதைத் தூக்கி எறிந்தது. தமிழுரிமை பேசும் ஒவ்வோர் அமைப்பும் எவ்வளவு மெல்லிய நூலில் தப்பியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி 44-ஆம் திருத்தத்துக்கு வருவோம். 1978-இல் சனதா ஆட்சியில் நிறைவேறி, 1979 ஏப்பிரல் 30-இல் ஒப்புதல் பெற்றது. திருத்தங்கள் எல்லாமே தீயவை என்று தமிழ்நாட்டில் எவரும் சொல்வதில்லை. இத்திருத்தம் நல்லது செய்தது. உள்நாட்டுக் குழப்பம் என்ற பெயரில் நெருக்கடி நிலை அறிவிக்க முடியாது, படைக்கலக் கிளர்ச்சி இருந்தால்தான் முடியும் என்று ஆக்கியது. நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய உறுப்புகளின் உரிமைகளை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. சபல்பூர்த் தீர்ப்பு மீண்டும் வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதையும் 1988-இல் 59-ஆம் திருத்தத்தால் பஞ்சாபு மாநிலத்தவருக்கு மட்டும் பறித்தார்கள்; 63-ஆம் திருத்தம் வந்து மீட்டது.

அந்த 44-ஆம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவு தடுப்புக் காவலைத் தொட்டது. உண்மையில் அந்தத் திருத்தத்தின் உயிரே அங்கேதான் இருந்தது. இன்று உள்ள 22-ஆம் உறுப்பின்படி ஒருவனை மூன்று திங்கள்வரை எந்தக் குழுவின் கருத்தும் இல்லாமல் அடைத்துவைக்கச் சட்டம் இயற்றலாம். மூன்றாம் பிரிவு அதை இரண்டு திங்களாகக் குறைத்தது. அதற்குமேல் அடைக்க வேண்டுமானால் கருத்துச் சொல்லவேண்டிய அறிவுரைக் கழகத்தில் யார் இருப்பது என்பதை உயர் நயன்மன்றத் தலைமை நடுவரின் பரிந்துரைப்படி முடிவு செய்யவேண்டும். அதன் தலைவர் பதவியில் இருக்கும் நடுவராக இருக்கவேண்டும் என்றது. அறிவுரைக் கழகமே இல்லாமல் நீண்ட காலம் அடைத்துவைக்கச் சட்டம் செய்ய நாடாளுமன்றத்துக்கு இருந்த அதிகாரத்தையும் நீக்கியது. தடுப்புக் காவலை அது ஒழிக்கவில்லை. அதன் பல்லைக் கொஞ்சம் பிடுங்கியது, அவ்வளவே.

அந்த அளவுகூடப் பொறுக்கவில்லை. திருத்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே, நடுவணரசு அரசிதழில் அறிவிக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்றும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாளைக் குறிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். 1979 சூன் முதல் மற்றப் பிரிவுகளுக்கு நாள் குறித்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு மட்டும் இன்றுவரை நாள் குறிக்கவில்லை. தில்லியில் எத்தனை ஆட்சிகள் வந்து போயின! நெருக்கடி நிலையில் சிறையிருந்தோம் என்று மார்தட்டியவர்கள் தலைமையமைச்சர்களாகவும் உள்துறை அமைச்சர்களாகவும் வந்தார்கள். ஒருவர் கையும் அந்தத் தாளில் கையொப்பமிட நீளவில்லை.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவரும் உண்டு. தன்பாத்துத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் சுரங்கத் தொழிலாளர் தலைவருமான ஏ.கே. இராய், நாட்டுக் காப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டபோது உச்ச நயன்மன்றம் போனார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தை நடைமுறைப்படுத்தாமல் வைத்திருக்க அரசுக்கு ஏது உரிமை என்று கேட்டார். 1981 திசம்பரில் வந்த தீர்ப்பில் பெரும்பான்மை நடுவர்கள், எப்போது நடைமுறைப்படுத்துவது என்பது அரசின் விருப்பம், நயன்மன்றம் கட்டளையிட முடியாது என்று கையை விரித்தார்கள். இரண்டு நடுவர்கள் மாறுபட்டார்கள். மாறுபட்டவர் கருத்து சிறைக்கதவைத் திறக்காது.

இப்போது 1951-ஐ நினைவுகூர வேண்டும். பேச்சுரிமையைச் சுருக்கிய உட்பிரிவு, பிறக்கும் முன்பே நடைமுறையில் இருந்ததாக ஆயிற்று. 1975-இல் ஒருவர் பதவியைக் காத்த திருத்தம் நான்கு நாளில் நிறைவேறிற்று. குடிமகனைச் சிறையிலிருந்து காக்கும் பிரிவுக்கு மட்டும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நாள் கிடைக்கவில்லை.

அப்படியானால் தில்லி மட்டுமே பழிக்குரியதா? இல்லை. தமிழரை ஆளும் தமிழர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் இவ்வுரை நேர்மையற்றதாகும். ஏ.கே. இராய் வழக்கின் மை உலர்வதற்குள், 1982-இல், ம.கோ.இரா. ஆட்சியில் தமிழ்நாட்டுச் சட்டம் 14 வந்தது. மக்கள் அதைக் குண்டர் சட்டம் என்கிறார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைமருந்துக் குற்றவாளிகள், குண்டர்கள், குடிசைப்பகுதி நிலங்களைப் பறிப்போர் என்று தொடங்கிய பட்டியல் ஆட்சிதோறும் நீண்டது. 2004-இல் திரைப்படங்களைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போர் சேர்ந்தார்கள். பிறகு மணல் திருடுவோர். 2014-இல் பாலியல் குற்றவாளிகளும் இணையக் குற்றவாளிகளும். எந்தக் கட்சி வந்தாலும் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கத்தான் செய்தது. எந்தக் கட்சியும் ஒரு பெயரைக்கூட நீக்கவில்லை. சில நேரங்களில், அரசு தன் திறமையின்மையை மறைக்கப் புதிய சொல் ஒன்றைச் சட்டத்தில் சேர்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறதோ என்று தோன்றுகிறது.

இச்சட்டம் எப்படி இயங்குகிறது என்பதை இங்குள்ள தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் மகன் மேல் இரண்டு மூன்று வழக்குகள். அடிதடி, கத்தியைக் காட்டிப் பணம் பறித்தான் என்று. அவன் பிணையில் வெளியே வரவிருக்கும் நேரத்தில் மாநகரக் காவல் ஆணையர் ஓர் ஆணையில் கையொப்பமிடுகிறார். அதிலிருந்து அவன் வழக்குக் கைதி அல்லன், தடுப்புக் காவலன். பிடித்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்ற காப்பு அவனுக்கு இல்லை. ஐந்து நாளுக்குள் கரணியங்களை எழுத்தில் தருவார்கள். பன்னிரண்டு நாளுக்குள் மாநில அரசு அவ்வாணைக்கு ஒப்புதல் தரவேண்டும், பெரும்பாலும் தரும். மூன்று கிழமைக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அவன் தானே பேசவேண்டும்; வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பையன், ஓய்வுபெற்ற நடுவர்களின் முன் நின்று, தான் எதிர்காலத்தில் செய்யப்போகாத குற்றத்தைச் செய்யமாட்டான் என்று மெய்ப்பிக்க வேண்டும். கழகம் ஒப்பினால் ஓராண்டுவரை சிறை.

தாய் என்ன செய்வாள்? வீட்டில் இருந்ததை அடகு வைத்து உயர் நயன்மன்றத்தில் ஆட்கொணர்வு முறையீடு போடுவாள். மிகப் பல ஆணைகளை உயர் நயன்மன்றம் தள்ளுபடி செய்கிறது. முறையீட்டுக்கு விடை சொல்ல அரசு காலந்தாழ்த்தியது, தாள்களைத் தெளிவாகத் தரவில்லை, பிணை கிடைக்கும் என்பதற்குச் சான்றில்லை என்னும் கரணியங்களால். ஆனால் அந்த நாள் வரும்போது ஆறேழு திங்கள் கழிந்திருக்கும். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ அவனுக்கு இருந்த ஒப்பந்த வேலை போயிருக்கும். தவறாக அடைத்த ஆணைக்குக் கையொப்பமிட்டவர் அடுத்த ஆணைக்குக் கையொப்பமிட்டுக்கொண்டிருப்பார். இந்தியச் சிறைகளில் உள்ள தடுப்புக் காவலரில் பெரும் பங்கினர் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்தார்கள் என்று நடுவணரசின் சிறைக் கணக்குகளே பல ஆண்டுகள் காட்டின. பகுத்தறிவு மண் என்று பெருமை பேசும் நாட்டுக்கு இது பெருமையா?

ரவுடிகளை அவிழ்த்துவிடச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். வடசென்னை மக்களைப்போல் அவர்களின் கத்திக்கு அஞ்சி வாழ்ந்தவர் வேறு எவரும் இல்லை. மாமூல் கொடுத்துக் கடை நடத்தியவரும், பகலில் தெருவில் கொலை பார்த்தவரும் இக்கூட்டத்திலேயே இருப்பார்கள். குற்றம் செய்தவனை வழக்கில் நிறுத்துங்கள்; சான்று காட்டுங்கள்; தண்டனை வாங்கிக் கொடுங்கள். அதைச் செய்ய முடியாத காவல்துறை, சான்று தேவைப்படாத சட்டத்தைத் தேடி ஓடுகிறது. வழக்கு நடத்தும் கடின உழைப்புக்குத் தடுப்புக் காவல் ஒரு குறுக்குவழி. 2011-இல் இரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் உச்ச நயன்மன்றம், பொதுவான குற்றச் சட்டமே போதுமானதாக இருக்கும் இடத்தில் தடுப்புக் காவல் முறையற்றது என்று சொல்லிச் சென்னைக் காவல் ஆணையரின் ஆணையைத் தள்ளியது. அது குண்டர் சட்டத்தில் போட்ட ஆணையே. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. ஆணைகளும் நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன.

குண்டர் சட்டம் குண்டர்களோடு நிற்கவில்லை என்பதையும் தமிழ் உணர்வாளர்கள் கண்டார்கள். 2017 மே 21-இல் முள்ளிவாய்க்காலில் மாண்ட தமிழருக்காக மெரினாவில் மெழுகுத்திரி ஏற்றக் கூடியதற்காக மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியையும் வேறு மூவரையும் பிடித்தார்கள். சில நாளில் குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்தம்பர் 19-இல் உயர் நயன்மன்றம் அவ்வாணையைத் தள்ளியது. ஏறக்குறைய நான்கு திங்கள் புழலில். மெழுகுத்திரி ஏற்றியவர் குண்டர் ஆனது தமிழ்நாட்டில், தமிழர் ஆட்சியில்!

தமிழ்மொழிக்காக உழைப்போர் மறக்கக்கூடாத வழக்கு ஒன்றும் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று மக்கள் சொல்லும் இதே 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெண்ணை அடைத்தார்கள். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அடைத்ததற்கு அடிப்படையாகக் காட்டிய தாள்களுள் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது; அதன் தமிழ் வடிவத்தைக் கேட்டும் தரவில்லை. 1999-இல் பவானம்மாள் வழக்கு என்ற பெயரில் அது உச்ச நயன்மன்றம் போயிற்று. தனக்குத் தெரிந்த மொழியில் தாள் கிடைக்காதவர் எப்படி எதிர்வாதம் எழுத முடியும் என்று கண்டு, அவரைத் தொடர்ந்து அடைத்துவைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது என்றது நயன்மன்றம். தமிழ்நாட்டில், தமிழை ஆட்சிமொழி ஆக்கிய அரசு, தமிழச்சி ஒருத்தியை அடைத்துவைத்துவிட்டு அவளுக்குத் தமிழில் தாள் கொடுக்கவேண்டும் என்பதைத் தில்லியில் உள்ள நடுவர்கள் சொல்லிக் கேட்டுக்கொண்டது. மொழியுரிமை என்பது புலவர்களின் விளையாட்டு என்று இகழ்பவர்களிடம் இந்த ஒரு வழக்கைச் சொன்னால் போதும். சொல் புரியாதவன் சிறையிலிருக்கிறான்.

அவ்வளவிலும் அந்த ஆட்கொணர்வு முறையீடு உயர் நயன்மன்றத்தில் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. 348-ஆம் உறுப்பு, ஆளுநர் குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியையும் உயர் நயன்மன்றத்தில் பயன்படுத்தலாம் என்கிறது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்திக்கு அந்த இசைவு எப்போதோ கிடைத்துவிட்டது. 2006 திசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது, இசைவு மறுக்கப்பட்டது. தன் மகனைப் பற்றி நடுவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது, நயன்மன்றக் கூடத்தின் கடைசி வரிசையில் நிற்கும் அந்த மீனவத் தாய்க்குத் தெரியாது. வழக்கறிஞரின் குமாசுத்தா வெளியே வந்து இரண்டு சொல்லில் சொல்லும்வரை அவள் அவர்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

21-ஆம் உறுப்பு வெறும் சிறைக்கதவைப் பற்றியது மட்டுமன்று என்று நயன்மன்றங்களே பின்னாளில் விரித்துரைத்தன. தூய காற்றும் நீரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றன. 2023 திசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து மீனவர் வலைகள் கெட்டபோதும், அதே திங்கள் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத்திணறிக் குழந்தைகளோடு சாலைக்கு ஓடியபோதும், அவர்கள் பற்றி நிற்கக்கூடிய ஒரே சட்டக் கயிறு அதுதான். அந்த மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டால் அவர்கள்மேல் பாயக் காத்திருப்பது தடுப்புக் காவல். அதனால்தான் இவ்விரண்டையும் பிரித்துப் பேச முடியாது என்பது.

செய்யவேண்டியது என்ன? 44-ஆம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவை நடைமுறைப்படுத்த நாடாளுமன்றத்தில் புதிதாக ஒரு வாக்கும் தேவையில்லை. மாநிலங்களின் ஒப்புதல் தேவையில்லை. பணச் செலவும் இல்லை. நடுவணரசின் ஒரு செயலர் கையொப்பமிட்டு அரசிதழில் ஒரு பக்கம் அச்சிட்டால் போதும். தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குச் செல்லும் ஒவ்வோர் உறுப்பினரும் இந்த ஒரு பக்கத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். வடசென்னைத் தொகுதியில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள். அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாதவராக இருந்தால் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

தில்லி செய்யும்வரை சென்னை காத்திருக்க வேண்டியதில்லை. அரசமைப்பு மூன்று திங்கள்வரை இசைவு தருகிறது என்றால், மூன்று திங்களும் அடைத்தே தீரவேண்டும் என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தானே திருத்தலாம். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் நிற்கலாம் என்று எழுதலாம். கழகத்தின் தலைவர் பதவியில் உள்ள நடுவராகவே இருக்கவேண்டும் என்று எழுதலாம். முறையீட்டை இத்தனை நாளுக்குள் முடிவு செய்யாவிட்டால் ஆணை தானே விழும் என்று எழுதலாம். ஒவ்வொரு தாளும் தமிழில் தரப்படாவிட்டால் அந்த ஆணை செல்லாது என்று எழுதலாம். தவறாக அடைக்கப்பட்டவனுக்கு இழப்பீடு என்று எழுதலாம். இவற்றுள் எதற்கும் தில்லி வரை போய்க் கையேந்த வேண்டியதில்லை. தன்னாட்சி கேட்கிற கட்சிகள், தங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் ஆட்சியை இந்தப் பிள்ளைகளுக்காக ஒருமுறை பயன்படுத்திக் காட்டட்டும்.

இக்கூட்டத்தில் அச்சிட்டு வழங்கப்படும் துண்டறிக்கையில், தடுப்புக் காவல் ஆணை வந்த வீட்டார் முதல் கிழமையில் என்ன செய்யவேண்டும் என்று தமிழில் எழுதப்பட்டுள்ளது. தாள்கள் எல்லாவற்றின் தமிழ்ப் படியையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட நாளைக் குறித்து வையுங்கள். அறிவுரைக் கழகத்துக்கும் அரசுக்கும் ஆணை போட்ட ஆணையருக்கும் தனித்தனியே முறையீடு அனுப்பி, அஞ்சல் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தோழர்கள் அந்த அறிக்கையைக் கல்மண்டபம் முதல் கத்திவாக்கம் வரை வீடுவீடாகக் கொண்டுசேர்க்க வேண்டுகிறோம்.